கீ ட்ரூட்: ஒரு தங்கப் பதக்கத்தின் அரை நூற்றாண்டு

கேள்வி இதுதான்: "1976இல் தடை தாண்டும் ஓட்டத்தில் ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிரெஞ்சுக்காரர் கீ ட்ரூட். அவரைவிட வேகமாக ஓடிய பிரெஞ்சுக்காரர்களே பலர் வந்துவிட்டார்கள். அப்படியும் பிரான்ஸில் அவர் பெயர் ஏன் இன்னும் அடிபடுகிறது? அமைச்சராக இருந்ததாலா?"

அமைச்சர் பதவி இதில் பாதிக் காரணம்கூட இல்லை. இரண்டு ஆண்டு மட்டும் அமைச்சராக இருந்தவர்களை எந்த நாடும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ட்ரூட்டின் புகழ் நிலைத்ததற்கு முதல் காரணம், அவர் வென்ற தங்கம் அவ்வளவு அரிதானது என்பது. அடுத்த காரணம், அந்தப் பதக்கம் அவர் வாழ்க்கையில் ஒருபோதும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கவில்லை என்பது. தேர்தலில், அமைச்சரவையில், சர்வதேச ஒலிம்பிக் குழுவில், கடைசியில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும்கூட அது அவருக்குப் பயன்பட்டது. இதில் பெருமைப்படவும் இடம் இருக்கிறது, முகம் சுளிக்கவும் இடம் இருக்கிறது. இரண்டையும் கலக்காமல் பார்த்தால்தான் அந்த மனிதர் பிடிபடுவார்.

முதலில் ஓட்டம். ஆண்களுக்கான 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் நெடுங்காலம் அமெரிக்கர்களின் சொந்த வீடு மாதிரி இருந்தது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் 1972 மியூனிக் வரை நடந்த ஒன்பது ஒலிம்பிக்கிலும் தங்கம் அமெரிக்காவுக்கே போனது. 1948, 1952, 1956, 1960 ஆகிய நான்கு ஒலிம்பிக்கில் மூன்று பதக்கத்தையும் அவர்களே அள்ளிக்கொண்டார்கள். ஐரோப்பியர் ஒருவர் வெள்ளி வாங்கியதே 1936இல் பிரிட்டனின் டொனால்ட் ஃபின்லே வாங்கியதோடு நின்றுபோயிருந்தது. 36 ஆண்டுக்குப் பிறகு மியூனிக்கில் அந்த வெள்ளியை எடுத்தவர் 21 வயது ட்ரூட். அமெரிக்காவின் ராட் மில்பர்ன் 13.24 விநாடி, ட்ரூட் 13.34.

நான்கு ஆண்டு கழித்து மான்ட்ரியலில், 1976 ஜூலை 28 அன்று, 13.30 விநாடியில் தங்கம் வென்றார். கியூபாவின் அலெஹாந்த்ரோ கசான்யாஸ் 13.33, 1968இன் தங்க வீரரான அமெரிக்கர் வில்லி டேவன்போர்ட் 33 வயதில் 13.38, இன்னொரு அமெரிக்கர் சார்ல்ஸ் ஃபாஸ்டர் 13.41, கிழக்கு ஜெர்மனியின் தாமஸ் முன்கெல்ட் 13.44. முதல் இரண்டு பேருக்கும் இடையே இருந்த 0.03 விநாடியைத் தூரமாக மாற்றினால் ஏறக்குறைய கால் மீட்டர்தான் வரும். முதல் ஐந்து பேரும் ஒன்றரை மீட்டருக்குள் வந்து சேர்ந்தார்கள்.

இந்த வெற்றியின் எடையை அறிய ஒரு தகவல் போதும். நவீன ஒலிம்பிக் தொடங்கியதிலிருந்து இன்றுவரை இந்தப் போட்டியில் தங்கம் வென்ற ஐரோப்பியர்கள் இருவரே: 1976இல் ட்ரூட், 1980இல் முன்கெல்ட். 1980 மாஸ்கோவுக்கு அமெரிக்கர்கள் வரவில்லை. ஆக, அமெரிக்கர்கள் களத்தில் இருக்கும்போதே வென்ற ஒரே ஐரோப்பியர் ட்ரூட். நியாயமாக ஒரு குறிப்பையும் சேர்க்க வேண்டும்: மான்ட்ரியலில் மில்பர்ன் இல்லை. அவர் பணத்துக்கு ஓடும் தொழில்முறைக் குழுவில் சேர்ந்துவிட்டதால் அன்றைய விதிப்படி தகுதி இழந்திருந்தார். மில்பர்ன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் 1974, 1975 இரண்டு ஆண்டிலும் ட்ரூட் இருந்த நிலையைப் பார்த்தால் அந்தத் தங்கம் அதிர்ஷ்டத்தில் வந்ததாகச் சொல்ல முடியாது. 1974இல் ரோமில் ஐரோப்பிய சாம்பியன். 1975 ஜூலையில் 13.1 ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். ஆகஸ்ட் 22 அன்று பெர்லினில் 13.0.

அந்த 13.0 பலரைக் குழப்புகிறது. "13.0 ஓடியவர் ஒலிம்பிக்கில் ஏன் 13.30 ஓடினார்?" என்று கேட்பார்கள். பெர்லினில் எடுக்கப்பட்டது கை நேரம், அதாவது நடுவர்கள் கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரத்தின் நேரம். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சிறு தாமதம் விழுந்துவிடும். முடிவுக்கோட்டிலோ ஓட்டக்காரர் வருவது முன்கூட்டியே தெரிவதால் அந்தத் தாமதம் இருக்காது. அதனால் கை நேரம் எப்போதும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குக் கை நேரத்தோடு 0.24 சேர்த்து மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவது தடகளப் புள்ளிவிவரக்காரர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் 13.0 என்பது 13.24க்கு அருகில் வரும், மியூனிக்கில் மில்பர்ன் ஓடிய அதே அளவு. 1977 முதல் குறுந்தூர ஓட்டங்களில் மின்னணு நேரம் மட்டுமே உலக சாதனையாக ஏற்கப்பட்டது. ட்ரூட்டின் 13.0 ஒரே நாளில் பழைய ஏட்டுக்குப் போய்விட்டது. 1981இல் ரெனால்டோ நெஹெமையா 12.93 ஓடி 13 விநாடிச் சுவரை உடைத்தார். இப்போதைய உலக சாதனை 2012இல் ஏரிஸ் மெரிட் ஓடிய 12.80. சாதனையை நம்பிய புகழாக இருந்திருந்தால் அது அவருக்கு முப்பது வயது நிறையுமுன்பே கரைந்திருக்கும்.

அவர் ஓடிய விதத்தை மதிக்க இந்த ஓட்டத்தின் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டர். மொத்தம் பத்துத் தடை. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர், தடைக்குத் தடை 9.14 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோட்டுக்கு 14.02 மீட்டர். முதல் தடைக்கு அந்தக் காலத்தில் எட்டு அடி வைப்பார்கள் (இன்று பல முன்னணி வீரர்கள் ஏழு). இடையில் எப்போதும் மூன்றே அடி. தடைக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலேயே கால் எழும்பிவிட வேண்டும். தாண்டிய பிறகு தடையிலிருந்து ஏறக்குறைய 1.3 மீட்டர் தள்ளிப் பாதம் ஊன்றும். இந்த மூன்றரை மீட்டரை 9.14இலிருந்து கழித்தால் மூன்று அடிக்கு மிஞ்சுவது ஐந்தரை மீட்டர் சொச்சம்தான். வேகமாக ஓடுபவருக்கு இந்த இடம் போதாது. அவர் காலை நீட்டாமல், அடியைச் சுருக்கி, வேகத்தைக் கால் மாற்றும் விரைவில் கொண்டுவர வேண்டும். நூறு மீட்டரில் வேகமானவர்கள் எல்லாரும் இதில் ஜெயிக்காததற்குக் காரணம் இதுதான்.

தவறு நடப்பதும் இந்த இடத்தில்தான். இரண்டாவது அடி பத்து சென்டிமீட்டர் நீண்டால் போதும், தடைக்கு மிக அருகில் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கிருந்து முன்னோக்கிப் பாய முடியாது, மேல்நோக்கித்தான் எழும்ப முடியும். காற்றில் நேரம் வீணாகும், இறங்கும்போது உடல் எடை பாதத்துக்குப் பின்னால் விழும், அடுத்த தடைக்கு அடி குறையும். ஒரு தடையில் செய்த பிழை அடுத்த மூன்று தடைக்கும் வட்டி கேட்கும். பின்னால் வரும் காலின் முழங்கால் தாழ்ந்தால் தடையில் இடிக்கும், தோள் திரும்பும், பக்கத்துப் பாதையின் பக்கம் உடல் சாயும். தடையைத் தட்டிவிட்டால் தகுதி நீக்கம் கிடையாது, வேண்டுமென்றே தள்ளாதவரை. ஆனால் தடையின் நடுமேல் பகுதியைச் சாய்க்கக் குறைந்தது 3.6 கிலோ விசை தேவைப்படும்படி எடை வைத்திருப்பார்கள். அந்த விசை ஓடுபவரின் வேகத்திலிருந்துதான் போகும். ட்ரூட் 1.88 மீட்டர் உயரம். கோலூன்றித் தாண்டுவதிலும் தேர்ந்தவர், பத்துப் போட்டி கொண்ட டெகாத்லானிலும் இறங்கியவர். உடலைக் காற்றில் எப்படி வைத்துக்கொள்வது என்பது அவருக்குப் பல பக்கத்திலிருந்தும் பழகிய வித்தை. பதற்றமான இறுதியில் கசான்யாஸ் நெருங்கி வந்தபோதும் அவருடைய மூன்றடித் தாளம் குலையவில்லை என்பதையே நான் அந்த ஓட்டத்தின் சிறப்பாகச் சொல்வேன்.

இனி பிரான்ஸின் பக்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. அது அதிபர் டி கால் காலத்தில் பெரிய அவமானமாகப் பார்க்கப்பட்டது. விளையாட்டில் அரசு தீவிரமாகப் பணம் போடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆனாலும் 1964இல் ஒரே தங்கம், அதுவும் குதிரையேற்றத்தில். 1972இல் இரண்டு. 1976இல் மறுபடி இரண்டு. ட்ரூட்டின் தங்கம் முதலில் வந்தது, மற்றது போட்டியின் கடைசி நாளில் குதிரைத் தாண்டல் அணிக்குக் கிடைத்தது. அதாவது ஜூலை 28 வரை பிரான்ஸ் வெறுங்கையோடு இருந்தது. தடகளத்தில் மட்டும் எடுத்தால் 1956இல் மாரத்தானில் அலன் மிமூன், 1968இல் 400 மீட்டரில் கோலெத் பெஸ்ஸோன், அடுத்து ட்ரூட்தான். அவருக்குப் பிறகு 1984இல் கோலூன்றித் தாண்டலில் பியேர் கினோன். இருபத்தெட்டு ஆண்டில் நான்கு தங்கம். அந்த நால்வரையும் அந்தத் தலைமுறை பிரெஞ்சுக்காரர்கள் மறக்காததில் வியப்பில்லை. வடக்கே பா-து-காலேயின் நிலக்கரிச் சுரங்க ஊரான உவாஞீயில் பிறந்தவர் என்பதும் அவர் கதைக்கு அழகு சேர்த்தது. 1960இல் 1500 மீட்டரில் ஒலிம்பிக் வெள்ளி வென்ற மிஷேல் ஜாஸியும் அதே ஊர்க்காரர்.

வெற்றி கிடைத்த கையோடு அடி விழுந்தது. ஓட்டக்காரர்கள் பணம் வாங்கக் கூடாது என்ற அமெச்சூர் விதி அப்போது கடுமையாக இருந்தது. போட்டி நடத்துபவர்கள் திரைக்குப் பின்னால் பணம் கொடுப்பது ஊரறிந்த ரகசியம். எல்லாரும் வாங்கினார்கள், எல்லாரும் மறுத்தார்கள். ட்ரூட் மட்டும் தான் வாங்கியதை வெளிப்படையாகச் சொன்னார். ஆயுள் தடை வந்தது. உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை, மறைத்தவர்களுக்குப் பாதை. பிற்பாடு தடை நீங்கி, 1981இல் கிரெனோபிளில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 50 மீட்டர் தடையோட்டத்தில் வெண்கலம் வென்றார். ஆனால் உச்ச ஆண்டுகள் போய்விட்டன. ஓட்டக்காரர்கள் பணம் பெறுவதை 1980களில் தடகள உலகமே விதியாக ஏற்றுக்கொண்டது. அந்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் வாழ்க்கையின் நேர்மையான பக்கமாகவே நான் பார்க்கிறேன். அவர் புகழைப் பற்றிப் பேசுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது வருத்தம் தருகிறது.

அரசியலுக்கு அவரை அழைத்து வந்தது ஜாக் சிராக்குடன் இருந்த நெருக்கம். சிராக் 1977 முதல் 1995 வரை பாரிஸ் மேயர். 1980களின் பிற்பகுதியில் அந்த நகராட்சியில் துணை மேயர்களில் ஒருவராக ட்ரூட் இருந்தார். 1986 நாடாளுமன்றத் தேர்தல் அவருக்கு வாய்த்த சரியான வாசல். அந்த ஒரு தேர்தல் மட்டும் மாவட்ட வாரியான விகிதாச்சாரப் பட்டியல் முறையில் நடந்தது. பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயர் இருப்பது கட்சிக்கு லாபம். பாரிஸுக்குக் கிழக்கே உள்ள சேன்-எ-மார்ன் மாவட்டத்திலிருந்து சிராக்கின் ஆர்.பி.ஆர். கட்சி சார்பில் உள்ளே போனார். 1988இல் பழைய தொகுதி முறை திரும்பியபோதும் வென்றார். அதுதான் உண்மையான சோதனை, ஏனென்றால் தொகுதியில் நின்று ஜெயிக்கப் பதக்கம் மட்டும் போதாது. 1992இல் அதே பகுதியில் பாலாடைக்கட்டிக்குப் பேர்போன கூலோமியே ஊருக்கு மேயரானார். 2008 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

பதவிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பிரான்ஸில் ஒருவர் ஊர் மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருப்பது சாதாரணம். அமைச்சரானால் மட்டும் நாடாளுமன்ற இடத்தைத் துணை வேட்பாளரிடம் விட்டுவிட வேண்டும். 1995இல் சிராக் அதிபரானதும் பிரதமர் அலன் ஜூப்பேயின் அரசில் ட்ரூட் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சரானார். அதனால்தான் அவருடைய நாடாளுமன்றக் காலம் 1995இல் நின்று, 1997இல் மறுபடி தொடங்கி, 2007 வரை போகிறது. 1995 நவம்பரில் அமைச்சரவை சுருக்கப்பட்டபோது பதவியின் அந்தஸ்து ஒரு படி இறங்கியது, ஆனால் துறை கைமாறவில்லை. 1996 அட்லாண்டாவில் பிரான்ஸ் 15 தங்கம் வென்றது அவர் அமைச்சராக இருந்தபோதுதான். அதில் மாரி-ஜோசே பெரெக் 200, 400 மீட்டரில் வென்ற இரண்டு தங்கமும் அடக்கம். அந்த வெற்றியை அமைச்சர் கணக்கில் எழுதுவது சரியல்ல. ஒரு ஒலிம்பிக் அணி பல ஆண்டு உழைப்பில் உருவாவது.

விளையாட்டு வீரரை விளையாட்டு அமைச்சராக்குவது பிரான்ஸில் ஒரு மரபு. மலையேறி மோரிஸ் எர்ஸோக்கில் தொடங்குகிறது அது. பிறகு பனிச்சறுக்கு நடன வீரர் அலன் கல்மா, ஓட்டக்காரர் ரோஜே பம்பூக், ட்ரூட், வாள்வீச்சு வீரர் ஜான்-ஃபிரான்ஸ்வா லாமூர், ஜூடோவின் டாவிட் துயே, வாள்வீச்சின் லோரா ஃப்ளெஸ்ஸல், நீச்சலின் ரொக்ஸானா மராசினேனு என்று நீள்கிறது. இவர்களில் பலருக்கு அமைச்சர் பதவியோடு அரசியல் முடிந்தது. ட்ரூட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு ஊரும் ஒரு தொகுதியும் இருந்தன. அவர் பெயர் பேச்சிலிருந்து விழாமல் இருந்ததற்கு அந்த உள்ளூர் வேர் பெரிய காரணம்.

கறை படிந்த பகுதிக்கு வருவோம். பாரிஸைச் சுற்றியுள்ள இல்-து-பிரான்ஸ் வட்டாரத்தின் பள்ளிக் கட்டட ஒப்பந்தங்கள் தொடர்பான பெரிய ஊழல் வழக்கில் அவர் பெயரும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்யாமலே சம்பளம் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. 2005 அக்டோபரில் பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு 15 மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் 50,000 யூரோ அபராதமும் விதித்தது. அவர் உறுப்பினராக இருந்த சர்வதேச ஒலிம்பிக் குழு அவரைத் தற்காலிகமாக நீக்கிவைத்தது.

2006 மே மாதம் சிராக் அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். இங்கே சட்ட நுணுக்கம் முக்கியம். அதிபரின் வழக்கமான கருணை அதிகாரம் தண்டனையை மட்டும் நீக்கும், குற்றவாளி என்ற பதிவு அப்படியே இருக்கும். பொதுமன்னிப்பு அந்தத் தீர்ப்பையே இல்லாமல் ஆக்கிவிடும். 2002 அதிபர் தேர்தலை ஒட்டி வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: மனிதநேயம், பண்பாடு, விளையாட்டு, அறிவியல், பொருளாதாரம் ஆகிய துறைகளில் அரிய சிறப்பு பெற்றவர்களுக்கு அதிபர் தனி ஆணையால் மன்னிப்பு தரலாம். அந்தப் பிரிவின்படி ட்ரூட்டின் ஒலிம்பிக் சிறப்பே அவர் தீர்ப்பை அழிக்கும் தகுதியாகிவிட்டது. ஒலிம்பிக் குழுவில் பிரான்ஸின் குரல் குறையக் கூடாது என்பது அரசு தரப்பின் வாதம். சட்டப்படி தவறில்லை. ஆனால் ஒரு பதக்கம் இதற்குப் பயன்பட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே வழக்கில் தண்டனை பெற்ற, பதக்கம் இல்லாத மற்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எதிர்க்கட்சி மட்டுமன்றி ஆளும் தரப்பிலும் முணுமுணுப்பு எழுந்தது. அதன் பிறகு அத்தகைய சட்டம் வரவில்லை. 2007இல் அதிபரான நிக்கோலா சர்கோசி அந்த வழக்கத்தைத் தொடர மறுத்துவிட்டார். ஒலிம்பிக் குழு ட்ரூட்டின் உறுப்புரிமையைத் திருப்பித் தந்தது, ஆனால் கண்டனத்தோடு, ஐந்து ஆண்டுக்கு எந்த ஆணையத்துக்கும் தலைமை ஏற்க முடியாது என்ற கட்டுப்பாட்டோடு.

அந்த உறுப்புரிமை 1996இல் கிடைத்தது. தேர்தலில் நிற்காமல் பொதுவாழ்வில் நீடிக்க அவருக்கு அதுவே வழி. 1999 டிசம்பருக்கு முன் சேர்ந்த உறுப்பினர்களுக்கு வயது வரம்பு 80, அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 70. 1950 டிசம்பரில் பிறந்தவருக்கு இதன் பொருள் எவ்வளவு நீண்ட காலம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, பாரிஸ் 2024 திட்டம் காலாவதியாகிவிட்டது, நடப்புக்குப் பொருந்தாது, மறுபடி யோசிக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொந்த நாட்டு ஒலிம்பிக்கைப் பற்றி ஒலிம்பிக் குழு உறுப்பினர் ஒருவர் அப்படிப் பேசுவது அரிது. 1976இன் ஒப்புதலைச் செய்த அதே மனிதர்தான் இவர் என்று அப்போது தோன்றியது.

கடைசியாக, அவருக்குப் பிறகு யாராவது அந்தத் தங்கத்தை வென்றிருந்தால் அவர் புகழ் மங்கியிருக்கும். வேகத்தில் குறை இல்லை. ஸ்டெஃபான் கரிஸ்தான் 1986இல் 13.20 ஓடி ஐரோப்பிய சாம்பியன் ஆனார். லட்ஜி தூக்கூரே 2004 ஏதென்ஸ் இறுதியில் பதக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது கடைசித் தடையில் மோதி எட்டாவதாக முடித்தார். மறு ஆண்டே 12.97 ஓடினார், உலக சாம்பியனும் ஆனார். 2014இல் பாஸ்கல் மார்த்தினோ-லகார்த் 12.95 ஓடினார். 2016 ரியோவில் திமித்ரி பாஸ்கூவுக்கு வெண்கலம். 2024இல் சொந்த மண்ணிலும் ஆண்கள் தடையோட்டத்தில் பதக்கம் வரவில்லை. அந்த ஒலிம்பிக்கில் பிரான்ஸின் ஒரே தடகளப் பதக்கம் பெண்கள் 100 மீட்டர் தடையோட்டத்தில் சிரேனா சம்பா-மயேலா 12.34 விநாடியில் வென்ற வெள்ளி. ஆண்கள் 110 மீட்டர் தடையோட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரெஞ்சுக்காரர் யார் என்று கேட்டால் இன்றும் ட்ரூட் பெயரைத் தவிர வேறு பதில் இல்லை.